மைக் குடுங்க

வெங்கடபதியின் குரலுக்கு மயங்கித்தான் பத்மாவதி அவரைக் கட்டிக்கொண்டாள் என்று செட்டிபாளையத்தில் இன்றைக்கும் கேலி செய்வார்கள். பாதி உண்மைதான். பெண் பார்க்க வந்த அன்று அவர் வாயே திறக்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு, சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார். பேச்சு வராத ஆளோ என்று அவளுடைய அத்தைகூடச் சந்தேகப்பட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே ரேக்ளா பந்தயம் நடந்தது. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பத்மாவதிக்கு ஒலிபெருக்கியில் ஒரு குரல் கேட்டது. கணீரென்ற குரல். ஓட வருகிற ஒவ்வொரு மாட்டு வண்டிக்கும் ஒரு வேடிக்கை சொல்லி, சனத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது.

"யாருடா இது?" என்று தம்பியைக் கேட்டாள்.

"உன்னப் பாத்துட்டுப் போனாரே, அவருதான்."

ஈரச் சேலையைக் கையில் பிடித்தபடி, பந்தயம் முடியும்வரை வெயிலில் நின்றுவிட்டாள்.

அதற்கப்புறம் மகள் ஹர்ஷிணி பிறந்து, படித்து, கல்யாணமாகி ஓசூருக்கும் போய்விட்டாள். வெங்கடபதிக்குச் சோறு போட்டது தென்னந்தோப்பும் மோட்டார் ரிவைண்டிங் பட்டறையும். மைக் பிடித்தது சோற்றுக்காக இல்லை. பல்லடம், காங்கேயம், உடுமலை என்று எங்கே ரேக்ளா நடந்தாலும் கமிட்டிக்காரர்கள் முதலில் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் தேதி குறிப்பார்கள். வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற குடும்பம். மைக்கைப் பிடித்துவிட்டால் மட்டும் சுத்தமான கொங்குத் தமிழ்தான் வரும்.

அந்தக் குரல் கம்ம ஆரம்பித்தபோது, கத்திக் கத்தி வந்த வினை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மிளகுப் பால், கஷாயம், இருமல் மருந்து எதற்கும் அசையவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் சுற்றிவளைக்காமல் சொன்னார். குரல்வளையில் கேன்சர். முழுவதுமாக எடுத்துவிட்டால் ஆள் பிழைப்பார். குரல் போய்விடும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் முழுக்க வெங்கடபதி அந்தக் கம்மிய குரலிலேயே பேசிக்கொண்டிருந்தார். ஓசூருக்குப் பேசினார். பழைய கூட்டாளிகளுக்கெல்லாம் போன் போட்டார். பக்கத்துக் கட்டில்காரரிடம் காங்கேயம் காளைக்கும் மற்ற மாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினார். சாயங்காலம் பத்மாவதியிடம், "இன்னும் என்னமோ சொல்லோணும்னு இருக்குது, என்னனு தெரியல," என்றார். அதுதான் அந்தக் குரலில் அவள் கேட்ட கடைசிப் பேச்சு.

ஆள் பிழைத்தார். கழுத்தின் அடியில் ஒரு துவாரம். இனிமேல் மூச்சு அது வழியாகத்தான். அதைத் துடைப்பது, தூசி போகாமல் துணி கட்டுவது, குளிக்கும்போது தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்வது என்று எல்லாவற்றையும் பத்மாவதி கற்றுக்கொண்டாள். கூடவே இன்னொன்றையும் எடுத்துக்கொண்டாள். அவருடைய வாய் வேலையை.

ஆரம்பத்தில் அவர் போனில் எழுதிக் காட்டுவார், இவள் படித்துச் சொல்வாள். பிறகு எழுதி முடிக்கும் முன்பே சொன்னாள். அப்புறம் எழுதவே வேண்டியிருக்கவில்லை. புருவத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிடும். பார்க்க வந்தவர்கள் அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, "இப்ப எப்படி இருக்காரு?" என்று அவளைக் கேட்டார்கள். "பரவால்லீங்க, ராத்திரி நல்லாத் தூங்கறாரு," என்று அவள் சொல்வாள். வெங்கடபதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நாளில் அதையும் நிறுத்திவிட்டார். யாராவது வருகிற வண்டிச் சத்தம் கேட்டால் பின்வாசல் வழியாகத் தோப்புக்குள் போய்விடுவார்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்திதான் போத்தனூரில் ஒரு விலாசத்தைக் கொடுத்தாள். இவரைப்போலக் குரல்வளை எடுத்தவர்கள் சனிக்கிழமை காலையில் அங்கே கூடுகிறார்கள் என்றாள். வெங்கடபதி கையை வீசி மறுத்தார். அவரை வண்டியில் ஏற்ற பத்மாவதி அன்று அழ வேண்டியிருந்தது.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒரு டியூஷன் சென்டரின் மாடி. தகரக் கூரை, நீள பெஞ்சுகள், கரும்பலகையில் யாரோ போட்ட கணக்கு அழிக்கப்படாமல் இருந்தது. கழுத்தில் வெள்ளைத் துணி கட்டிய பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு கோலி சோடா கையில் இருந்தது. குடித்துவிட்டு எல்லோரும் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்கள். வெட்கமே இல்லாமல், போட்டி போட்டுக்கொண்டு.

வெங்கடபதி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வாங்க, வாங்க," என்றபடி எழுந்து வந்தவர் பீர் முகம்மது. கோட்டைமேட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர். அவர் கழுத்திலும் துணி இருந்தது. குரல் கரகரவென்று, அடித்தொண்டையைவிட ஆழத்திலிருந்து வந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. "ஏப்பந்தாங்க நம்ம மூலதனம். காத்த முழுங்கோணும். முழுங்குன காத்த மேல கொண்டாந்து, அதுலயே பேசோணும். சோடா குடிச்சா மொதல்ல சுலுவா வரும். உங்க பேரென்னங்க?"

"வெங்கடபதிங்க," என்றாள் பத்மாவதி.

"எந்த ஊருங்க?"

"செட்டிபாளையமுங்க."

"டீ சாப்பிடறீங்களா, காபியா?"

"டீ தொடமாட்டாருங்க. காபிதான்."

பீர் முகம்மதுவின் மனைவி இஸ்மத் அங்கே காபி ஊற்றிக்கொண்டிருந்தார். கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு வந்து பத்மாவதியின் கையைப் பிடித்து வெளியே படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனார்.

"அம்மணி, இங்க வாரவங்க ஊட்டாளுகளுக்கும் ஒரு பயிற்சி இருக்குது. உனக்கு இப்பவே சொல்லிப்போடறேன். வாய மூடிக்கிட்டு இரு."

பத்மாவதிக்கு முகம் சிவந்துவிட்டது. "அவரால பேச முடியாதுங்களே. நான் சொல்லாம வேற யாருங்க சொல்றது?"

"தலையாட்டுவாரு. கையக் காட்டுவாரு. போன்ல அடிப்பாரு. ஒண்ணுமே பண்ணாம சும்மாகூட நிப்பாரு. அது அவரு பாடு. நீ முந்தாத. தொண்டைய டாக்டரு எடுத்தாரு, உசுரக் காப்பாத்தறதுக்காக. மிச்சம் இருக்கறத நாம எடுத்துப்போடறோம், பாசத்துல." இஸ்மத்தின் குரல் தணிந்தது. "எங்க ஊட்டுக்காரரு ஒரு நாள் சோத்துத் தட்டத் தள்ளிப்போட்டு எந்திரிச்சுப் போனாரு. குழம்பு வேணுமான்னு கேக்காம நானே ஊத்திட்டேன். அம்புட்டுத்தான் விசயம். அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது."

பத்மாவதி கையை விடுவித்துக்கொண்டாள். இத்தனை மாதமாகத் தூக்கம் கெட்டு, சாப்பாடு கெட்டுப் பார்த்துக்கொண்டதற்கு இதுதான் பட்டமா என்று ஆத்திரமாக வந்தது. இறங்கிப் போய்விடலாமா என்று படிகளைப் பார்த்தாள்.

அப்போதுதான் ரயில் வந்தது.

தண்டவாளம் மாடிக்கு மிக அருகில். கூரையும் ஜன்னலும் அதிர்ந்தன. உள்ளே இருந்தவர்கள் அதற்காகவே காத்திருந்தவர்கள்போல எழுந்து நின்று, ஒரே நேரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்கள். தங்கள் பெயர், பேரன் பெயர், கடன்காரன் பெயர், வசவுகூட. ரயில் போகிற நேரத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. கேட்காதபோது கூச்சமும் இருக்காது. இது பீர் முகம்மது கண்டுபிடித்த வழி.

பத்மாவதி ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். வெங்கடபதி சுவரோரம் நின்றிருந்தார். கையில் அரை சோடா. சுற்றிலும் பார்த்தார். யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் வாயை மூடி எதையோ விழுங்கினார். உதடு அசைந்தது. மறுபடி விழுங்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. அது நீளமான சரக்கு ரயில். அவர் விடாமல் முயன்றுகொண்டே இருந்தார். கடைசிப் பெட்டியும் கடந்து, சத்தம் பட்டென்று அடங்கியது. அவரோ கவனிக்கவில்லை.

"பத்மா," என்றது அந்த அமைதிக்குள் ஒரு குரல்.

கரடுமுரடாக, துண்டு துண்டாக, பாதி ஏப்பமாக. ஆனால் அவள் பெயர்தான்.

எல்லோரும் திரும்பினார்கள். வெங்கடபதி பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டார். பீர் முகம்மது ஓடிவந்து அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். மாடியே கைதட்டியது. "மொத நாளே பேரா?" என்று கேட்டார் சாந்தாமணி. அந்தக் கூட்டத்தில் குரல்வளை எடுத்த ஒரே பெண் அவர். அரசுப் பள்ளி ஆசிரியை. "எனக்கு மொதப் பாடம், ‘டப்பா’ன்னு சொல்லவே ரெண்டு மாசமாச்சுங்க!"

வெளியே பத்மாவதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். "ம்ம், இப்ப அழுவலாம்," என்றார் இஸ்மத். "பதில்தான் சொல்லக் கூடாது."

அன்றிலிருந்து சனிக்கிழமை தவறவில்லை. வீட்டிலும் காலையில் தோப்புக்குள் போய்த் தென்னை மரங்களிடம் பேசிப் பழகினார் வெங்கடபதி. சில நாள் நன்றாக வரும். சில நாள் ஒன்றுமே வராது, சோடா பாட்டிலை வீசி எறிந்துவிட்டு வருவார். ஒருமுறை விழுங்கிய காற்றில் இரண்டு மூன்று சொல்தான். அதற்குள் சொல்ல வேண்டியதைச் சுருக்க வேண்டும்.

அவரைவிடப் பத்மாவதிக்குத்தான் பயிற்சி கடினமாக இருந்தது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் வந்து நிற்பார். "எங்கீங்க?" என்பார். வெங்கடபதி காற்றை விழுங்குவார். பின்னாலிருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ‘போத்தனூர்’ என்ற சொல் பத்மாவதியின் நாக்கு நுனியில் வந்து நிற்கும். சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள். ஒரு நாள் அவர் முழுதாகவே சொல்லிவிட்டார்.

"போத்... தனூரு. ரெண்டு."

"என்னங்கய்யா, தொண்டை கட்டிருச்சுங்களா?"

"இல்லீங்க. தொண்டையே... இல்லீங்க."

கண்டக்டர் திகைத்து நிற்க, வெங்கடபதி தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரிப்பில் இப்போது சத்தம் கிடையாது. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தாள் பத்மாவதி.

தை மாதம் பிறந்தபின் ஒரு நாள் நாச்சிமுத்து வந்தார். காங்கேயம் பக்கத்து ரேக்ளா கமிட்டித் தலைவர். வெங்கடபதியை எத்தனையோ பந்தயத்துக்கு அழைத்துப் போனவர். இந்த முறை பின்வாசல் பக்கம் போகாமல் வெங்கடபதி நாற்காலியில் உட்கார்ந்திருந்ததே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் பழக்கதோஷத்தில் பத்மாவதியைப் பார்த்துத்தான் பேசினார்.

"அம்மணி, இந்த வருசம் நம்ம பந்தயத்துல அண்ணனுக்குப் பொன்னாட போத்தி மரியாத பண்ணலாம்னு இருக்கறோம். மேடையில வந்து சும்மா உக்காந்தாப் போதும். மைக்குக்குத் தாராபுரத்துல இருந்து ஒரு பையன வரச் சொல்லியிருக்குது. அண்ணன் வருவாருங்களா?"

பத்மாவதிக்குப் பதில் தெரியும். வரமாட்டார். அங்கே போனால் அவர் மனசு தாங்காது. தூசி வேறு. உடம்புக்கு ஆகாது. வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு சொம்பை எடுத்தாள்.

"மோரு கொண்டாரனுங்க," என்று உள்ளே போனாள்.

சமையலறையில் மோர்ப் பானைக்கு முன்னால் ஒன்றும் செய்யாமல் நின்றாள். வெளியே நாற்காலி நகரும் சத்தம். பிறகு அந்தக் கரகரப்பு.

"மைக்... குடுங்க."

"என்னங்கண்ணா? புரியல. அம்மணி, அண்ணன் என்னமோ கேக்கறாருங்க, கொஞ்சம் வாங்க!"

அவள் போகவில்லை. தோளைச் சுவரில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"என்னையப் பாருங்க... நாச்சிமுத்து," என்றார் வெங்கடபதி. "பொன்னாட... வேண்டாம். மைக்... குடுங்க."

பத்மாவதி மோரோடு வந்தபோது நாச்சிமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் முகத்தில் கலக்கமும் இருந்தது. வருவது சின்னக் கூட்டமில்லை. சனம் சிரித்துவிட்டால் அண்ணன் தாங்குவாரா? அதைக் கேட்கவும் செய்தார்.

"சிரிக்கட்டும்," என்றார் வெங்கடபதி. "சிரிக்க வெக்கத்தானே... கூப்புடுவீங்க?"

பந்தய நாள். அறுவடை முடிந்த காடு, நடுவே நீளமான ஓடுதளம், இரண்டு பக்கமும் கயிறு கட்டி அதற்குப் பின்னால் சனக்கூட்டம். கொம்புக்குச் சாயம் பூசிய காளைகள் கால் மாற்றி மாற்றித் துள்ளிக்கொண்டிருந்தன. போத்தனூரிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. பீர் முகம்மது, சாந்தாமணி, மற்றவர்கள் எல்லோரும் இறங்கினார்கள். இஸ்மத் புதிதாகத் தைத்துக்கொடுத்த பச்சைத் துணி ஒவ்வொருவர் கழுத்திலும் இருந்தது. சோடா ஒரு கிரேட் நிறைய.

"யாரு இவங்க? எந்த ஊரு டீமு?" என்று யாரோ கேட்டார்கள்.

"கமெண்டரிக்காரரு ஊட்டாளுக," என்றார் இஸ்மத்.

வெங்கடபதி மேடையில் ஏறினார். கழுத்துத் துணியை நனைத்து இறுக்கிக் கட்டியிருந்தார். மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்தார்.

"எல்லாருக்கும்... வணக்கமுங்க."

ஒலிபெருக்கி அந்தக் கரகரப்பை அப்படியே காடு முழுக்கக் கொண்டுபோனது. கூட்டத்தில் சலசலப்பு. "மைக் செட்டு ரிப்பேருங்கோ!" என்று ஒருவன் கத்தினான். நாலைந்து பேர் சிரித்தார்கள். மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த பத்மாவதி நகத்தால் உள்ளங்கையைக் குத்திக்கொண்டாள்.

"செட்டு நல்லாத்தான்... இருக்குது தம்பி. ரிப்பேரு... நானுதான். சரி பண்ணி... கொண்டாந்திருக்குது. கேளு."

இந்த முறை வேறு மாதிரிச் சிரிப்பு எழுந்தது. பழைய ஆட்களுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "அட, நம்ம வெங்கடபதி!" என்ற பேச்சு கயிற்றோரமாக ஓடியது. குரல் சன்னமாக இருந்ததால் கூட்டம் தானாக அடங்கிக் காதைத் தீட்டிக்கொண்டது. முதல் வண்டி, இரண்டாவது வண்டி. பெயர், ஊர், ஓடி முடித்த நேரம், அதற்கு மேல் ஒரு சின்னக் கிண்டல். இரண்டு மூன்று சொல்லுக்குள் எல்லாம் அடங்கியது. "கருப்பட்டிக் காள. காத்தாட்டம்... வருது." "சாரதி தூங்கறாரு... மாடு முழிச்சிருக்குது." முன்பெல்லாம் ஒரு வேடிக்கை சொல்ல அவர் நிறைய நேரம் எடுத்துக்கொள்வார். இப்போது அது சாட்டை மாதிரிச் சொடுக்கி விழுந்தது.

வெயில் ஏறியது. புழுதி எழுந்தது. பெரிய மாட்டுப் பிரிவில் எல்லோரும் எதிர்பார்த்திருந்த ஜோடி ஓடி முடித்தது. அதுதான் முதலிடம் என்று நேரம் பார்த்தவர் சைகை காட்டினார். வெங்கடபதி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

மறுபடி விழுங்கினார். வரவில்லை. தூசி. கழுத்துத் துணியைப் பிடித்துக்கொண்டு இருமினார். காடு முழுவதும் காத்திருந்தது. தாராபுரத்துப் பையன் இன்னொரு மைக்கோடு மேடையருகே வந்தான்.

பத்மாவதி எழுந்துவிட்டாள். அந்த வண்டிக்காரர் பெயர் அவளுக்குத் தெரியும். நாலே எட்டில் மேடையேறிச் சொல்லிவிடலாம். இஸ்மத் அவள் முந்தானையைப் பிடிக்கவில்லை, திரும்பி அவளைப் பார்க்கக்கூட இல்லை. பத்மாவதி வெங்கடபதியைப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. உதவி கேட்கிற முகம் இல்லை அது. மாட்டைப் பூட்டும்போது சாரதிக்கு இருக்குமே, அந்த முகம். அவள் உட்கார்ந்தாள்.

அவர் நிதானமாகக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். துவாரத்தைத் துடைத்தார். புதுத் துணி கட்டினார். தாராபுரத்துப் பையனைக் கையால் தடுத்துவிட்டு, பீர் முகம்மது நீட்டிய சோடாவை வாங்கி மடமடவென்று குடித்தார். மைக்கை வாயருகே கொண்டுவந்தார்.

அப்போது வந்தது பாருங்கள் ஒரு ஏப்பம். ஒலிபெருக்கியில் ஏறி, காட்டைத் தாண்டி, ரோட்டில் போன பஸ்காரரே எட்டிப் பார்க்கும் அளவுக்கு. காளைகள் காதை விடைத்தன. பிறகு சனம் வெடித்துச் சிரித்தது. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். வெங்கடபதியும் தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, காற்றை விழுங்கி, ஒரே மூச்சில், ஒரு பிசிறும் இல்லாமல் சொன்னார்:

"மொதப் பரிசு காங்கேயம் பழனிவேலு!"

விசில் சத்தத்தில் வானம் அதிர்ந்தது. பழனிவேலு காளைகளை விட்டுவிட்டு மேடையை நோக்கி ஓடிவந்து அவர் காலைத் தொட்டான். கயிற்றோரம் நின்றிருந்த சனம் அவன் பெயரைவிட வெங்கடபதி பெயரைத்தான் அதிகம் கத்தியது. கழுத்தில் பச்சைத் துணி கட்டிய கூட்டம் பெஞ்சின்மேல் ஏறி நின்று, ஆளுக்கொரு சோடாவைத் தூக்கிப் பிடித்து, சத்தம் இல்லாத தங்கள் சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தது. சாந்தாமணி அழுதுகொண்டே கைதட்டினார். பத்மாவதி அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, சுற்றியிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். மொட்டை மாடியில் நின்ற அந்தப் பெண்ணுக்குக்கூட இவ்வளவு பெருமை இருந்ததில்லை.

கடைசி வண்டிவரை அவர்தான் பேசினார். தாராபுரத்துப் பையன் பந்தயத்தை மேடை ஓரத்தில் உட்கார்ந்து ரசித்துப் பார்த்தான்.

மதியம் வேப்ப மரத்தடியில் பந்தி. போத்தனூர்க் கூட்டத்துக்கு முதல் வரிசையில் இலை போட்டிருந்தார் நாச்சிமுத்து. பக்கத்து ஊர்க் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர், அடுத்த மாதப் பந்தயத்துக்கு வெங்கடபதி வருவாரா என்று கேட்டபடி அங்கேயே குந்தியிருந்தார்கள். சாப்பாட்டு நடுவில் வண்டிக்காரர் ஒருவர் சண்டைக்கு வந்தார். "ஏனுங்க, சாரதி தூங்கறாருன்னு என்னையத்தான சொன்னீங்க? நான் எங்கீங்க தூங்குனேன்?"

"கண்ணு மூடி... இருந்துச்சு."

"புழுதிங்க! புழுதிக்கு மூடுனனுங்க!"

"அப்ப மாடு மட்டும்... எப்படி முழிச்சுது?"

பந்தியே சிரித்தது. அவர் விடவில்லை. வெங்கடபதியும் விடவில்லை. காற்றை விழுங்கி விழுங்கி, கையை ஆட்டி, வாதாடிக்கொண்டே போனார். இலையில் சோறு ஆறியது.

"அம்மணி, உன்ற ஊட்டுக்காரரக் கொஞ்சம் சாப்பிடச் சொல்லு," என்றார் இஸ்மத்.

"அதெல்லாம் அவரு பாடுங்க," என்றாள் பத்மாவதி. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு வாங்கிக்கொண்டாள்.